சுங்கை சிப்புட் திடலில் நான்கு குரல்

முதல் நாள், வியாழன் இரவு, கோலாலம்பூர்

சனிக்கிழமை இரவு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் திடலில் இசைத் திருவிழா. மேடையேறுவது ஒன்பது குழு: உறுமி மேளம் மூன்று, ராப் நான்கு, பழைய பாட்டு ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று, பிறகு நான்கு பெண்கள் சேர்ந்த குழு ஒன்று. டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு என்று ஆளுக்கொன்று வாசிப்பார்கள், நால்வருமே பாடுவார்கள். சொந்தத் தமிழ்ப் பாட்டு, தணிந்த குரல், சலங்கை மாதிரி கிணுகிணுக்கும் கிட்டார். இண்டி பாப் என்பார்களே, அந்த வகை.

அவர்களுக்குக் கிடைத்த நேரம் 8.50 முதல் 9.25 வரை. முன்னால் ஒரு ராப் குழு, பின்னால் உறுமி. மேடை மாற்ற 15 நிமிடம். தோட்டத்துத் திடல்களில் வருகிற ஸ்பீக்கர் எல்லாம் உறுமிக்கும் ராப்புக்கும் கட்டியவை. அதில் மெல்லிய குரல் நான்கைக் கேட்க வைக்க வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, மற்றவற்றை ஒதுக்கி இடம் விட வேண்டும். இந்த நான்கு நாளும் பெரும்பாலும் அந்த வேலைதான்.

பெட்டி கட்டுமுன் எழுத வேண்டியது இரண்டு தாள். ஒன்று யார் எங்கே நிற்கிறார் என்ற மேடைப் படம். மற்றது சேனல் பட்டியல், அதாவது எந்த மைக்கும் வாத்தியமும் மிக்சரில் (சத்தங்களைக் கலக்கும் கருவியில்) எந்த எண்ணில் நுழைகிறது என்ற கணக்கு. டிரம்ஸுக்கு ஏழு: கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர், ஹை-ஹேட், சின்ன டாம், ஃபுளோர் டாம், தலைக்கு மேல் மைக் இரண்டு. எட்டாவது பேஸ், டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் ஒயரை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக. ஒன்பதாவது கிட்டார் ஆம்ப், அதன் முன்னால் ஒரு எஸ்எம்57 மைக். பத்தும் பதினொன்றும் கீபோர்டு. 12, 13 லேப்டாப்பில் ஓடும் டிராக், அதாவது முன்பே பதிவு செய்த பக்க இசை. 14 கிளிக், வாசிப்பவர் காதுக்கு மட்டும் போகும் தாள டிக் டிக். 15 முதல் 18 வரை குரல். கடைசிப் பாட்டுக்கு ஊர் உறுமிக்காரர் ஒருவர் சேர்கிறார், அதற்கு இரண்டு. ஆக 20. இந்தத் தாள் சவுண்ட்காரர் கைக்கு இன்றே போய்ச் சேர வேண்டும். திடலில் நின்று வாயால் சொன்னால் கீபோர்டின் வலது பக்கம் கட்டாயம் விடுபடும்.

15 நிமிடம் என்பது கேட்கத்தான் தாராளம். முந்தைய குழு இறங்க ஐந்து போய்விடும். சாமான் ஏற்றிச் செருக ஆறு. மிஞ்சும் நான்கில் 20 சேனலையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அதனால் மேடையில் ஒரு ஒயரும் பிரிக்கக் கூடாது. கீபோர்டு, லேப்டாப், டிஐ எல்லாம் ஒரே மேசையில் கட்டப்பட்டு, எட்டுச் சேனல் ஸ்நேக் (பல ஒயரை ஒன்றாகச் சேர்த்த தடித்த ஒயர்) ஒன்றின் வால் மட்டும் வெளியே வருகிறது. வாலின் ஒவ்வொரு முனையிலும் வெள்ளை டேப்பில் எண். எண்ணை இரண்டு பக்கமும் எழுதுங்கள், இருட்டில் எந்தப் பக்கம் மேலே வரும் என்று சொல்ல முடியாது.

லேப்டாப்புக்கு மாற்று வேண்டும். டிராக்கை இடது பக்கமும் கிளிக்கை வலது பக்கமும் வைத்து ஒரே ஸ்டீரியோ கோப்பாகக் கைப்பேசியில் ஏற்றியாகிவிட்டது. இதில் ஆபத்து ஒன்றுதான்: அவசரத்தில் வலது பக்கத்தை யாராவது வெளி ஸ்பீக்கருக்குத் திறந்தால் ஊர் முழுக்க டிக் டிக் கேட்கும். அந்த ஒயரில் சிவப்பு டேப்.

மற்றவை: வாசிப்பவர் தம் சத்தத்தைக் காதில் கேட்க உதவும் ஒயரில்லாக் காது மானிட்டர் பெட்டி இரண்டுக்கு ஏஏ பேட்டரி நான்கு, அதே அளவு மாற்று. டிரம்ஸும் கீபோர்டும் இடம் மாறாதவை, அவற்றுக்கு ஒயர் மானிட்டரே போதும். விலை குறைவு, அலைவரிசைத் தொல்லையும் இல்லை. கிட்டார் கம்பி இன்றே மாற்றியாயிற்று. நிகழ்ச்சி அன்று மாற்றினால் கம்பி நீண்டுகொண்டே போகும், மூன்றாம் பாட்டில் சுருதி இறங்கிவிடும்.

பாட்டு வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. முதல் பாட்டை டிரம்ஸ் தனியாக நான்கு சுற்றுத் தொடங்கும். பிறகு பேஸ், பிறகு கிட்டார், கடைசியில்தான் குரல். கேட்பவருக்கு அது பாட்டின் அமைப்பு, மிக்சரில் இருப்பவருக்கு ஒவ்வொரு சேனலையும் சரிசெய்யக் கிடைத்த அரை நிமிடம். டிரம்ஸ் அடி, 1963-இல் ரோனெட்ஸ் பெண்களின் பாட்டுக்கு ஹால் பிளேன் அடித்த அதே அடி: கிக் மூன்று முறை, நாலாவது தட்டில் மட்டும் ஸ்னேர். டும், டு-டும், டக். 1985-இல் ஸ்காட்லாந்தின் ஜீசஸ் அண்ட் மேரி செயின் அதை எடுத்தாண்ட பிறகு இண்டி பாப்புக்கு அது பரம்பரைச் சொத்தாகிவிட்டது. இடைவெளி அதிகம் உள்ள அடி என்பதால் திறந்த வெளியில் எதிரொலியோடு குழம்புவதில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி, சுங்கை சிப்புட்

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர். பாடுகிற நால்வரில் இருவர் இ.டி.எஸ். என்ற மின்சார ரயிலில் வந்தார்கள். எல்லா வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சாமான் லோரியில். பின்சக்கரம் இரட்டையாக, ஆறு சக்கரம் உள்ள லோரிக்கு நெடுஞ்சாலையில் இரண்டாம் வகுப்பு டோல், நாலு சக்கர வேனுக்கு முதல் வகுப்பு. வாடகை பேசும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பாரம் ஏற்றிய லோரி ஈப்போவிலேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்மோர் வழியாகப் பழைய சாலையில் வருவது நல்லது. விட்டுவிட்டால் மெனோரா சுரங்கப்பாதை மேடு ஏறி, கோலகங்சார் வரை போய்த் திரும்ப வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் பிரேக்குக்கும் கெடுதல், டிரம்ஸ் பெட்டிக்கும் கெடுதல். (கோலகங்சார் போகத்தான் வேண்டுமென்றால் 1877-இல் நட்ட பால்மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது, பார்க்கலாம். இந்த வட்டாரத்து லயங்களுக்கெல்லாம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கெல்லாம், மூலம் அந்த மரத்தின் கூட்டம்தான்.)

ஊர் சிறியது. மலேசிய இந்தியர் தலைவர்களில் ஒருவரும் அமைச்சருமாக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளரிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அவர் தொடங்கியது. இப்போது பால்மரம் இருந்த இடமெல்லாம் பெரும்பாலும் செம்பனை. ஆனாலும் திடலுக்கு வரப்போகிறவர்கள் அதே தோட்டத்துக் குடும்பங்கள்தான், பிள்ளையை முன்னால் உட்கார வைத்து மோட்டார் சைக்கிளில்.

திடலைப் பகலிலேயே நடந்து பார்க்க வேண்டும். மேடை 24 அடிக்கு 20, உயரம் 4 அடி. மிக்சர் கூடாரம் மேடையிலிருந்து 25 மீட்டர். பின்னால் இருப்பவர்களுக்காக 42 மீட்டரில் இரண்டாவது ஸ்பீக்கர்க் கம்பம். முன்னால் உள்ள சத்தம் அங்கே போய்ச் சேர நேரம் ஆகும், அதனால் கம்பத்துச் சத்தத்தைத் தாமதிக்க வேண்டும். 32 பாகை வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 42-ஐ 350-ஆல் வகுத்தால் 120 மில்லி நொடி. அதற்குமேல் ஒரு 10 சேர்த்து 130 வைத்தால், சத்தம் கம்பத்திலிருந்து வந்தாலும் காது மேடையிலிருந்து வருவதாகவே நம்பும். இரவில் குளிர்ந்தால் கணக்கு இரண்டு மில்லி நொடிக்கும் குறைவாகவே மாறும், கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது கரண்ட். 60 கே.வி.ஏ. ஜென்செட் (ஜெனரேட்டர்), மூன்று ஃபேஸ், ஃபேஸுக்கு 86 ஆம்பியர் வரை தரும். விளக்கு ஒரு ஃபேஸில், ஸ்பீக்கர் ஒன்றில், மேடை வாத்தியம் மூன்றாவதில். எதையும் செருகுமுன் மீட்டர் வைத்தார்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 238 வோல்ட், நல்லது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 96. இது இரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

காரணம் பழகியதுதான். ஜென்செட்டின் நியூட்ரல் அதன் இரும்புச் சட்டத்தோடும் மண்ணோடும் இணைக்கப்படவில்லை. அந்த நிலையில் எங்காவது கசிவு வந்தாலும் ஆர்.சி.டி. (கசிவைக் கண்டால் தானாகக் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழாது, கரண்ட் திரும்பிப் போக வழியே இல்லையே. கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு வைப்பவருக்குச் சுரீரென்று அடிக்கும். அதைவிட மோசம், மேடைப் பெட்டியில் நியூட்ரல் ஒயர் கழன்றால் 240 வோல்ட் பொருளுக்கு 400 வரை போய் ஆம்ப் எல்லாம் ஒரே நொடியில் புகைந்துவிடும். சான்றிதழ் உள்ள வயர்மேன் வந்து நியூட்ரலைச் சட்டத்தோடு இணைத்து, ஒன்றரை மீட்டர் செம்புக் கம்பியை ஈர மண்ணில் இறக்கினார். திரும்ப மீட்டர்: 0.8. ஆர்.சி.டி.யின் சோதனைப் பட்டனை அழுத்தி விழுகிறதா என்றும் பார்த்தாயிற்று. பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரைச்சல் நின்றது என்று சந்தோஷப்படுகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. இரைச்சலுக்கு மருந்து டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டன். எர்த் உயிருக்கு, அதில் கை வைக்கக் கூடாது.

குளிர்சாதன அறையிலிருந்து எடுத்த கீபோர்டையும் லேப்டாப்பையும் பெட்டியைத் திறக்காமல் 40 நிமிடம் நிழலில் வைக்க வேண்டும். உடனே திறந்தால் உள்ளே வியர்க்கும்.

மூன்றாம் நாள், சனி, நள்ளிரவு தாண்டி

சவுண்ட் செக் பிற்பகல் 3.30-க்கு. 3.50-க்கு மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினால் 12. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் நாலு கிலோமீட்டர்தான். எண்ணிக்கை 30-க்குக் கீழே போனாலே மேடையை விட்டு இறங்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் ஏற வேண்டும். எல்லாரும் இறங்கினார்கள், மெயின் நிறுத்தப்பட்டது. மழை ஒரு மணி நேரம் கொட்டியது.

கூடாரத் துணி தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழியில் 10 சென்டிமீட்டர் நின்றாலே 100 கிலோ. மிக்சர் கூடாரத்தில் அப்படி ஒரு தொந்தி விழ ஆரம்பித்ததும் பந்து கட்டிய கழியால் கீழிருந்து மெல்லத் தள்ளி வடித்தார்கள், மிக்சரை முதலில் நகர்த்திவிட்டு. ஒயர் இணைப்புகளைத் தரையில் போடாமல் கம்பத்தில் கட்டி, நுழையும் இடத்துக்கு முன் ஒயரைக் கீழே வளைத்து விட்டிருந்தது உதவியது. தண்ணீர் வளைவில் சொட்டிவிட்டது, செருகிக்குள் போகவில்லை. லோரி சேற்றில் இறங்கியது. பழம் ஏற்றுகிற லோரிக்குத் தோட்டத்தில் செய்வதுபோல் செம்பனை மட்டையைச் சக்கரத்தடியில் போட்டு ஏற்றினார்கள்.

கடைசி இடி 5.05. மேடை திறந்தது 5.35. ஒன்பது குழுவுக்கும் மிஞ்சியது ஒரு மணி நாற்பது நிமிடம், ஏனென்றால் 7.15-க்கு மேல் மக்ரிப் பாங்கு, அப்போது சத்தம் கூடாது. நேரம் போடும்போதே இந்த இடைவெளியை விட்டுத்தான் போட வேண்டும்.

குழுவுக்குக் கிடைத்தது 11 நிமிடம். முதலில் சப்-வூஃபர், அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர். வழக்கமாக எல்லாச் சேனலும் சப்புக்கும் போகும். அதைப் பிரித்து, கிக், பேஸ், டிராக், உறுமி மட்டும் தனி ஆக்ஸில் (மிக்சரிலிருந்து வெளியே போகும் தனி வழி) சப்புக்குப் போகும்படி செய்தார்கள். குரல் மைக் எல்லாவற்றிலும் 140 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. மைக் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் கீச்சிடாமல் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபல் போகும். ஒரு மைக்குக்கும் நான்குக்கும் வித்தியாசம் 6 டெசிபல். அந்த ஆறை வேறு எங்காவது சம்பாதிக்க வேண்டும்.

சம்பாதிக்கிற இடம் உதடு. கிட்டார் பாடகி மைக்கிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளிப் பாடினார், பதிவு அறைப் பழக்கம். இரண்டு சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். மூக்கு வலையில் முட்டும் தூரம் என்று சொன்னால் பாடுபவருக்குச் சட்டென்று புரியும். கிட்டப் போவதால் குரலில் கனம் ஏறும், அதை 200 ஹெர்ட்ஸில் கொஞ்சம் குறைத்தால் போதும்.

இன்னொன்றைத் தமிழில் பாடும் குழுக்கள் மட்டுமே கவனிக்க முடியும். ஊர் ஸ்பீக்கரின் ஹார்ன் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தும், சவுண்ட்காரர்கள் அங்கே தாராளமாக வெட்டிவிடுவார்கள். ழகரமும் லகரமும் பிரிந்து கேட்பது ஏறத்தாழ அந்த இடத்தில்தான். ஆறு டெசிபல் வெட்டியதும் ‘மழை’ கிட்டத்தட்ட ‘மலை’ ஆயிற்று. மூன்றாகக் குறைத்து, மிச்சக் கத்தலை 3.5-இல் வெட்டியபோது ழகரம் திரும்பி வந்தது. பாட்டின் பல்லவியே அந்தச் சொல், விட முடியாது.

முந்தைய ராப் குழுவோடு மைக்கைப் பகிரக் கூடாது என்று கேட்டு வாங்க வேண்டும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது அவர்கள் வழக்கம். பொத்தினால் முன்பக்கச் சத்தம் மட்டும் எடுக்கும் மைக், நாலு பக்கமும் எடுக்கத் தொடங்கும். அதற்கேற்ப அமைத்த மிக்சரில் இந்தக் குரல்கள் தொலைந்துபோகும். நான்கு மைக்கிலும் பச்சை டேப், சேனலும் தனி.

உறுமிக்கு வருவோம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அங்கேதான் அந்த முனகல். மறு முகத்தை அடிப்பார்கள். ஒற்றை மைக்கை நடுவில் வைத்தால் அடி மட்டும் கேட்கும், முனகல் போய்விடும். தேய்க்கிற முகத்திலிருந்து பத்து சென்டிமீட்டரில் ஒரு மைக், குச்சி படாதபடி கொஞ்சம் சாய்த்து. அடிக்கிற முகத்துக்குப் பதினைந்தில் ஒன்று. மழைக்குப் பிறகு தோல் தொய்ந்து முனகல் வெறும் இரைச்சலாக இருந்தது. உறுமிக்காரர் காகிதத்தைக் கொளுத்தி, இரண்டு முகத்தையும் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டி, மறுபடி காட்டி, ஐந்து நிமிடத்தில் தோலை இறுக்கினார். ஒரே இடத்தில் காட்டினால் தோல் வெடிக்கும். இறுக்கம் அரை மணிக்குத்தான் நிற்கும், ஆகையால் மேடையேறுமுன் இன்னொரு முறை.

உறுமிக்குக் கிளிக் கொடுக்க நினைக்காதீர்கள். அது தானாக ஏறும், தானாக இறங்கும். அந்தப் பாட்டில் லேப்டாப்பை நிறுத்திவிட்டு, டிரம்ஸ் வாசிப்பவர் உறுமிக்காரரின் தோளைப் பார்க்கும்படி மேடைப் படத்தில் அவரை வலப்பக்கம் நிறுத்தியாயிற்று.

7.40-க்கு விளக்குப் போட்டதும் யாரும் எதிர்பாராதது வந்தது: ஈசல். மழை விட்ட மாலையில் வராமல் இருந்தால்தான் அதிசயம், ஆனால் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. வெள்ளை விளக்கு முழுக்க மொய்த்து, கீபோர்டு கட்டைகளின் நடுவே இறக்கை உதிர்ந்து, முதல் ராப் குழுவில் ஒருவர் வாயிலும் போயிற்று. முன்விளக்கை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிப் பாதியாகக் குறைத்து, மேடைக்கு 30 மீட்டர் தள்ளி லோரிப் பக்கம் ஒரு வெள்ளை விளக்கைத் தரையைப் பார்க்க வைத்தார்கள். 20 நிமிடத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. கீபோர்டை ஒரு கைலியால் மூடி வைத்து, 8.48-க்கு எடுத்தார்கள்.

8.51. டும், டு-டும், டக். பேஸ் சேனலில் சத்தமே இல்லை. டிஐக்குள் ஒயர் பாதி செருகியிருந்தது. டிரம்ஸ் நான்கு சுற்றுக்குப் பதில் எட்டுச் சுற்று அடித்தார், யாருக்கும் தெரியவில்லை. முதல் பாட்டை அப்படி அமைத்ததற்கு இதுதான் கூலி. மூன்றாம் பாட்டு வரை கூட்டம் ஓரத்தில் மோட்டாரில் சாய்ந்தபடியே நின்றது. குரலைக் கூட்டச் சொல்லி ஏற்பாட்டாளர் இரண்டு தடவை வந்தார். கூட்டவில்லை, கிட்டாரை 2 டெசிபல் இறக்கினார்கள். நாலாம் பாட்டில் நால்வரும் வாத்தியமில்லாமல் பாடுகிற எட்டு வரி வந்தபோது பின்கம்பம் வரை ஒவ்வொரு சொல்லும் கேட்டது, சாய்ந்தவர்கள் திடலுக்குள் இறங்கி வந்தார்கள். கடைசிப் பாட்டில் உறுமியைத் தேய்த்ததும் மற்றது தானாக நடந்தது. 9.24-க்கு இறங்கியாயிற்று.

நான்காம் நாள், ஞாயிறு, திரும்பும் வழி

காலையில் எல்லா ஒயரையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டுச் சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் அடுத்த வாரம் செருகி முனையில் பச்சை பூத்திருக்கும். ஸ்னேர், டாம் வளையங்களின் திருகில் ஒரு துளி எண்ணெய். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினால் ஈசல் இறக்கை உதிரும், மிச்சத்துக்குப் பெயின்ட் பிரஷ். வாயால் ஊத வேண்டாம், எச்சில் உள்ளே போகும்.

டி-சட்டைக் கடையில் இரவு கைப்பேசி லைன் அடைத்து கியூஆர் கட்டணம் ஓடவில்லை. 5 வெள்ளி (ரிங்கிட்), 10 வெள்ளித் தாளாகச் சில்லறை 200 வெள்ளிக்குக் கொண்டு போயிருந்ததால்தான் விற்றது. நடுத்தர அளவு முதலில் தீர்ந்தது, பிள்ளைகள் அளவு கேட்டவர்களுக்குக் கொடுக்க இல்லை.

பாடிய பாட்டுப் பட்டியலை, எழுதியவர் பெயரோடு, ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கொடுத்தாயிற்று. பாடலாசிரியர் உரிமைத்தொகை வருவதற்கு அந்தத் தாள் வேண்டும், கேட்டு வாங்குகிற வழக்கம் நம்மிடம் குறைவு.

லோரியில் ஏற்றும்போது எண்ணியதில் பச்சை டேப் மைக் மூன்றுதான் இருந்தது. நாலாவது உறுமிக் குழுவின் பெட்டியில். செம்மோர் சந்தியில் அவர்கள் வேன் காத்துக்கொண்டிருக்கிறது.